ஓடுபாதையிலேயே கோளாறு ஏற்பட்டால் விமானிகள் என்ன செய்வார்கள்? சிமுலேட்டர் பயிற்சி குறித்து ஒரு விளக்கம்

மைசூரு: விமான விபத்து என்றவுடன் நடுவானில் நிகழும் அசம்பாவிதமே பலரது நினைவுக்கு வருகிறது. ஆனால், சக்கரங்கள் தரையைவிட்டு எழும்புவதற்கு முன்பே தொடங்கிவிடும் ஆபத்துகளும் உண்டு. எஞ்சினை இயக்கத் தொடங்கும் நொடியிலும், ஓடுபாதையை நோக்கி விமானம் ஊர்ந்து செல்லும்போதும், புறப்பாட்டு ஓட்டத்தின்போதும் கோளாறுகள் தலைகாட்டுகின்றன. வானில் ஒரு கோளாறு நேர்ந்தால், பல நேரங்களில் ஆலோசித்து முடிவெடுக்க விமானிகளுக்குச் சில நிமிடங்களாவது கிடைக்கும். ஓடுபாதையில் கிடைப்பதோ ஓரிரு நொடிகள் மட்டுமே.

அந்த ஓரிரு நொடிகளில் எடுக்கப்படும் முடிவு, கோளாற்றைக் காட்டிலும் பெரிய ஆபத்தாக மாறிய நிகழ்வுகள் விமானப் போக்குவரத்து வரலாற்றில் பல உள்ளன. இதன் காரணமாகவே, தரையில் நேரும் கோளாறுகளைக் கையாளும் பயிற்சி ஒவ்வொரு விமானிக்கும் சிமுலேட்டரில் திரும்பத் திரும்ப அளிக்கப்படுகிறது. அந்தப் பயிற்சியில் என்ன கற்பிக்கப்படுகிறது, ஏன் கற்பிக்கப்படுகிறது என்பதை இங்கு காண்போம்.

2022இல் நிகழ்ந்த இரு சம்பவங்கள்

2022 செப்டம்பர் 14 அன்று, ஓமன் தலைநகர் மஸ்கட்டிலிருந்து கொச்சிக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் இரண்டாம் எஞ்சினிலிருந்து புகை வெளியேறியது. இதனைக் கண்டு தெரிவித்தது மற்றொரு விமானத்தின் பணியாளர்கள். விமானி அறையில் தீ எச்சரிக்கை எதுவும் ஒலிக்கவில்லை. எனினும், விமானிகள் விமானத்தை நிறுத்தி, வகுக்கப்பட்ட நடைமுறையின்படி எஞ்சினுக்குள் தீயணைப்பு வாயுவைச் செலுத்தினர். 141 பயணிகளும் 6 பணியாளர்களும் அவசரகாலச் சறுக்குகள் வழியாக வெளியேற்றப்பட்டனர்.

அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, டெல்லியிலிருந்து பெங்களூருவுக்குப் புறப்பட்ட இண்டிகோ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது பலத்த ஓசை எழுந்து, எஞ்சினிலிருந்து தீப்பொறிகள் பறந்தன. விமானிகள் உடனடியாகப் புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை நிறுத்தினர். அதில் இருந்த 184 பேரும் பாதுகாப்பாக இறங்கினர்.

இரு நிகழ்வுகளிலும் விமானிகள் செய்தவை புதிதாக யோசித்துச் செய்யப்பட்டவை அல்ல. சிமுலேட்டரில் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்ட செயல்களே அவை.

சிமுலேட்டர் என்பது என்ன?

முழுமையான விமான சிமுலேட்டர் என்பது, உண்மையான விமானி அறையின் அச்சு அசலான மறுவடிவம். பொத்தான்கள், திரைகள், நெம்புகோல்கள் அனைத்தும் விமானத்தில் உள்ளவாறே அமைந்திருக்கும். நகரக்கூடிய ஆறு தாங்கு கால்கள்மீது இந்த அறை பொருத்தப்பட்டிருக்கும். முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அது அசைந்து சாயும். சன்னலுக்கு வெளியே ஓடுபாதை, மழை, பனிமூட்டம், இரவு விளக்குகள் ஆகியவை திரையில் தோன்றும்.

இவற்றின் முன்னோடி, அமெரிக்காவைச் சேர்ந்த எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிக் கருவி. 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு தபால் விமானங்களை இயக்கியபோது, மோசமான வானிலையில் அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்தன. அதன் பின்னரே அக்கருவிக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. இன்று இந்தியாவில் பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, குருகிராம், கிரேட்டர் நொய்டா உள்ளிட்ட இடங்களில் பயணிகள் விமானங்களுக்கான சிமுலேட்டர் மையங்கள் இயங்கி வருகின்றன.

உயர்தரச் சான்று பெற்ற சிமுலேட்டர்களில் பயிற்சி பெறும் அனுபவமிக்க விமானி, புதிய வகை விமானம் ஒன்றை முதன்முறையாக ஓட்டும்போதே அதில் பயணிகள் அமர்ந்திருக்கலாம். அந்த அளவுக்கு ஒழுங்குமுறை அமைப்புகள் இவற்றை நம்புகின்றன. சர்வதேச விதிகளின்படி, விமான நிறுவனங்களின் விமானிகள் ஓராண்டில் இருமுறை தங்கள் திறனை நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதனைக் கண்காணிக்கிறது. புறப்பாட்டைக் கைவிடுதல், புறப்படும்போது எஞ்சின் செயலிழத்தல் ஆகியவை இச்சோதனைகளில் தவறாது இடம்பெறுபவை.

விமானிகளின் இருக்கைகளுக்குப் பின்னால் பயிற்றுநர் அமர்ந்திருப்பார். அவர் முன்னுள்ள திரையில் நூற்றுக்கணக்கான கோளாறுகளின் பட்டியல் இருக்கும். எந்தக் கோளாறு, எந்த வேகத்தில், எந்த நொடியில் தோன்ற வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே அமைத்துவிடலாம். காற்றின் திசையையும் ஓடுபாதையின் ஈரத்தையும் மாற்றலாம். கட்டுப்பாட்டுக் கோபுர அதிகாரி, தரைப் பொறியாளர், கேபின் பணியாளர் என அனைவரின் குரலாகவும் அவரே பேசுவார். முடிவு தவறாகப் போனால், ஒரு பொத்தானை அழுத்தி விமானத்தை மீண்டும் ஓடுபாதையின் தொடக்கத்தில் நிறுத்திவிடலாம். உண்மை விமானத்தில் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

எஞ்சினை இயக்கும்போது

தரைப் பயிற்சியின் முதல் கட்டம், எஞ்சினை இயக்கத் தொடங்கும்போது ஏற்படும் கோளாறுகள். இவற்றில் மூன்று முக்கியமானவை. முதலாவது, எரிபொருள் செலுத்தப்பட்டும் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருப்பது. இரண்டாவது, எஞ்சின் பற்றிக்கொண்ட பின்னும் சுழற்சி வேகம் உரிய அளவை எட்டாமல் பாதியில் தேங்கிவிடுவது. மூன்றாவது, எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பநிலை வரம்பைத் தாண்டி உயர்வது. நவீன எஞ்சின்களில் உள்ள கணினிக் கட்டுப்பாடு இவற்றைப் பெரும்பாலும் தானாகவே கண்டறிந்து இயக்கத்தை நிறுத்திவிடும். அது நிறுத்தத் தவறினால், விமானி கவனித்து எரிபொருளைத் துண்டிக்க வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் எஞ்சினின் உட்பாகங்கள் சேதமடையக்கூடும்.

இக்கட்டத்தில் விமானிகளை அதிகம் சோதிப்பது, எஞ்சினின் பின்புறக் குழாயில் பற்றும் தீ. உள்ளே தேங்கிய எரிபொருள் பற்றிக்கொள்வதால், பின்புறத்திலிருந்து நீண்ட தீப்பிழம்பு வெளிப்படும். பயணிகளுக்கு அது பேரச்சம் தரும் காட்சி. ஆனால், தீ எச்சரிக்கைக்கான உணரிகள் எஞ்சினின் உட்பகுதிக்கு வெளியே, அதன் உறைக்குள் பொருத்தப்பட்டிருப்பதால் விமானி அறையில் எந்த மணியும் ஒலிக்காது. தரைப் பணியாளர் அல்லது மற்றொரு விமானத்தின் விமானி சொல்லித்தான் தெரியவரும்.

தீ என்று கேட்டவுடன் தீயணைப்புப் பொத்தானை அழுத்தத் தோன்றுவது இயல்பு. இங்கு அது தவறான செயல். ஏர்பஸ் விமானங்களில் அந்தப் பொத்தானை அழுத்தினால் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்சாரம் நின்றுவிடும். அதன்பின் எஞ்சினைச் சுழற்ற இயலாது. சரியான நடைமுறை, எரிபொருளைத் துண்டித்துவிட்டு எஞ்சினை எரிபொருளின்றித் தொடர்ந்து சுழற்றுவதே. அப்போது உட்புகும் காற்று தீயை வெளியே தள்ளி அணைத்துவிடும். வெளியிலிருந்து தீயணைப்புப் பொருள்களைப் பீய்ச்சுவது கடைசி வழியாகவே வைக்கப்பட்டுள்ளது. ஏனெனில், அவை எஞ்சினை அரித்துவிடக்கூடும்.

எஞ்சின் உறைக்குள் பற்றும் தீயும் பின்புறக் குழாயில் பற்றும் தீயும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. தரைப் பணியாளரிடம் "தீ எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுத் தெளிவது இப்பயிற்சியின் முதல் பாடம்.

நிற்பதா, பறப்பதா?

ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பாக விமானிகள் 'வி-1' எனப்படும் ஒரு வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றனர். விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். புறப்பாட்டைக் கைவிடுவதானால், அதற்கான முதல் செயல் இந்த வேகத்தை எட்டுவதற்குள் தொடங்கிவிட வேண்டும். அதனைத் தாண்டிவிட்டால் ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் பறந்தே ஆக வேண்டும். மீதமுள்ள எஞ்சினைக்கொண்டு மேலெழும்பி, சுற்றி வந்து தரையிறங்குவதே அப்போது பாதுகாப்பான வழி.

வி-1 வேகத்தை எட்டும்வரை தலைமை விமானியின் கை உந்துவிசை நெம்புகோல்களின்மீது இருக்கும். அந்த வேகம் அறிவிக்கப்பட்டவுடன் அவர் கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்தும் எண்ணம் இல்லை என்பதற்கு அச்செயலே அடையாளம். துணை விமானி விமானத்தைச் செலுத்தும்போதும்கூட, புறப்பாட்டைக் கைவிடும் முடிவைப் பல நிறுவனங்கள் தலைமை விமானியிடமே விட்டுவைத்துள்ளன.

வி-1க்கு முன்பாக எந்தக் கோளாறு தோன்றினாலும் நிறுத்திவிடலாமா? இல்லை. ஓட்டத்தை விமானிகள் இரு பகுதிகளாகப் பிரித்துக்கொள்கின்றனர். போயிங் விமானங்களில் 80 நாட், அதாவது மணிக்கு சுமார் 148 கிலோமீட்டர் வேகம் எல்லைக்கோடு. ஏர்பஸ் விமானங்களில் அது 100 நாட், அதாவது மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர். இதற்குக் குறைவான வேகத்தில் வழக்கத்துக்கு மாறான ஓசை, அதிர்வு, எச்சரிக்கை விளக்கு என எதற்காகவும் நிறுத்தலாம். அதனைக் கடந்தபின் எஞ்சின் செயலிழப்பு, தீ, ஆபத்தான காற்று மாறுபாடு குறித்த எச்சரிக்கை, விமானம் பறக்கவே இயலாத நிலை போன்ற மிகச் சில காரணங்களுக்காக மட்டுமே நிறுத்த வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் கசப்பான அனுபவம் உள்ளது. புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதையைத் தாண்டிச் சென்ற 74 நிகழ்வுகளை அமெரிக்க விமானத் துறையினர் ஆராய்ந்தனர். 1959 முதல் 1990 வரை நிகழ்ந்தவை அவை. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், வி-1 வேகத்தைத் தாண்டிய பின்னரே விமானத்தை நிறுத்த முயன்றிருந்தனர். எஞ்சின் உந்துவிசை இழப்பு உண்மையில் ஏற்பட்டது ஏறக்குறைய கால்பங்கு நிகழ்வுகளில் மட்டுமே. பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்பதே அந்த ஆய்வின் முடிவு. டயர் வெடித்த ஓசையை எஞ்சின் வெடிப்பாகக் கருதி, பறக்கக்கூடிய விமானத்தை நிறுத்த முயன்று விபத்தில் சிக்கிய நிகழ்வுகளும் உண்டு.

1982இல் ஸ்பெயினின் மலாகா நகரில், ஸ்பான்டாக்ஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானம் மூக்கை உயர்த்தத் தொடங்கிய வேளையில் கடுமையான அதிர்வு ஏற்பட்டது. முன்சக்கர டயரின் மேற்பரப்பு பிரிந்ததே காரணம். தலைமை விமானி புறப்பாட்டைக் கைவிட்டார். ஓடுபாதையைத் தாண்டிச் சென்று தீப்பற்றிய அந்த விமானத்தில் 50 பேர் உயிரிழந்தனர்.

நீளம் தரும் அவகாசம்

ஓடுபாதைகள் ஒன்றுபோல அமைவதில்லை. பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளம் 4,000 மீட்டர். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய 3,660 மீட்டர். மைசூருவின் மண்டகள்ளி விமான நிலையத்தில் இருப்பதோ 1,740 மீட்டர். இதனால்தான் அங்கு ஏடிஆர் போன்ற சிறிய டர்போபிராப் விமானங்களே இயக்கப்படுகின்றன.

140 நாட் வேகத்தில் ஓடும் விமானம் ஒரு நொடியில் சுமார் 72 மீட்டரைக் கடந்துவிடும். விமானி இரண்டு நொடிகள் தயங்கினால் 144 மீட்டர் ஓடுபாதை பயன்படாமல் போய்விடும். அதனாலேயே சிமுலேட்டரில் பயிற்றுநர்கள் வி-1 வேகத்துக்குச் சற்று முன்பும், சற்று பின்பும் மாறி மாறி எஞ்சினைச் செயலிழக்கச் செய்கின்றனர். அடுத்து நிற்க வேண்டுமா, பறக்க வேண்டுமா என்பது விமானிக்கு முன்கூட்டித் தெரியாது.

உண்மையில் இத்தகைய தருணங்கள் அரிதானவை. சுமார் 3,000 புறப்பாடுகளுக்கு ஒன்று என்ற அளவில் கைவிடல் நிகழ்வதாகவும், அவற்றில் ஏறத்தாழ முக்கால்பங்கு 80 நாட் அல்லது அதற்கும் குறைந்த வேகத்தில் நிகழ்வதாகவும் அதே ஆய்வு மதிப்பிட்டது. 120 நாட் வேகத்தைத் தாண்டிய கைவிடல்கள் சுமார் 2 சதவீதமே. ஆண்டுக்கு 300 முறை புறப்படும் ஒரு விமானி, அந்தக் கணக்குப்படி பத்து ஆண்டுகளில் ஒருமுறை ஏதேனும் ஒரு கைவிடலைச் சந்திக்கலாம். அதிவேகக் கைவிடலைப் பணிக்காலம் முழுவதும் சந்திக்காமலே ஓய்வு பெறலாம். அனுபவத்தால் கற்க இயலாத ஒன்றை ஒத்திகையால் மட்டுமே கற்க முடியும்.

நிறுத்தும் முறை

கைவிடும் முடிவு எடுக்கப்பட்டதும், ஏர்பஸ் விமானிகள் "ஸ்டாப்" என்றும் போயிங் விமானிகள் "ரிஜெக்ட்" என்றும் உரக்கக் கூறுவர். உந்துவிசை நெம்புகோல்கள் பின்னுக்கு இழுக்கப்படும். தானியங்கி பிரேக் முழு ஆற்றலுடன் இயங்கும். இறக்கைகளின் மேலுள்ள தடுப்புப் பலகைகள் எழுந்து, விமானத்தின் எடையைச் சக்கரங்களின்மீது அழுத்தும். எஞ்சின்கள் எதிர்த்திசை உந்துவிசை தரும். இவை ஒவ்வொன்றும் நிகழ்ந்தனவா என்பதை மற்றொரு விமானி பார்த்துச் சொல்ல வேண்டும்.

விமானம் முற்றிலும் நின்று, பார்க்கிங் பிரேக் இடப்படும்வரை கோளாற்றுக்கான சரிபார்ப்புப் பட்டியலைத் தொடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தான்களைத் தேடுவது, நிறுத்தும் பணியிலிருந்து கவனத்தைச் சிதறடிக்கும். எனவே முதலில் நிறுத்தம், பிறகு பிரேக், அதன்பின் பட்டியல் என்ற வரிசை பயிற்சியில் மனதில் பதிக்கப்படுகிறது.

விமானம் நின்றபின்னும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதிவேகத்தில் கைவிட்ட பிறகு பிரேக்குகள் செந்நிறமாகக் கனல்வதுண்டு. வெப்பத்தால் டயர்கள் வெடிப்பதைத் தடுக்க, சக்கரங்களில் உருகும் அடைப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. அவை உருகியதும் காற்று மெல்ல வெளியேறிவிடும். தேய்ந்த பிரேக்குகளுடன், உச்ச எடையில் நிறுத்தப்பட்ட விமானம் தீயணைப்புப் படையினரின் உதவியின்றி ஐந்து நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது, புதிய விமானங்களுக்கான சான்றிதழ்ச் சோதனைகளில் ஒன்று. சூடேறிய சக்கரங்களைத் தீயணைப்பு வீரர்கள் முன்புறமாகவோ பின்புறமாகவோ மட்டுமே அணுகுகின்றனர். வெடித்தால் சிதறல்கள் பக்கவாட்டில் பாயும் என்பதே அதற்குக் காரணம்.

மான்செஸ்டர் தந்த பாடம்

1985 ஆகஸ்ட் 22 அன்று, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 137 பேருடன் ஓடுபாதையில் விரைந்தது. திடீரென ஒரு பலத்த ஓசை எழுந்தது. டயர் வெடித்திருக்கலாம் அல்லது பறவை மோதியிருக்கலாம் எனக் கருதிய விமானிகள் புறப்பாட்டைக் கைவிட்டனர். டயர் பழுது என்ற எண்ணத்தில் பிரேக்கைக் கடுமையாக அழுத்தாமல், ஓடுபாதையிலிருந்து விலகி இணைப்புப் பாதையில் விமானத்தை நிறுத்தினர். உண்மையில் இடது எஞ்சினின் உட்பாகம் உடைந்து, இறக்கையிலிருந்த எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. விமானம் திரும்பி நின்ற நிலையில், காற்று தீயை உடற்பகுதியின்மீது வீசியது. 55 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நச்சுப் புகையால் மாண்டவர்கள்.

விமானம் ஒருபோதும் தரையைவிட்டு எழும்பவில்லை. விமானிகள் புறப்பாட்டைக் கைவிட்ட முடிவு சரியானதே. அதற்குப் பிந்தைய நொடிகளில், தீ இருப்பது தெரியாமல் செய்யப்பட்டவையே விளைவைத் தீர்மானித்தன. இந்த விபத்துக்குப் பிறகு அவசர வழிகளின் அருகே இடைவெளி அதிகரிக்கப்பட்டது. தரையோர வழிகாட்டு விளக்குகளும் எளிதில் தீப்பற்றாத இருக்கை உறைகளும் பரவலாகின. தீ ஏற்பட்ட நிலையில் விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்துவதும் காற்றின் திசையைக் கருதுவதும் பயிற்சியில் வலியுறுத்தப்படுகின்றன. சிமுலேட்டரில் பயிற்றுநர் வேண்டுமென்றே பக்கக் காற்றை அமைத்துவிட்டு, "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்பது இதற்காகவே.

வெளியேற்றுவதா, காத்திருப்பதா?

அடுத்த கடினமான முடிவு, பயணிகளை அவசரமாக வெளியேற்றுவதா என்பது. சறுக்குகள் வழியாக இறங்கும்போது கால் முறிவு, சிராய்ப்பு போன்ற காயங்கள் ஏற்படுவது வழக்கம். தீயோ புகையோ இல்லையெனில் படிக்கட்டுகளுக்காகக் காத்திருப்பதே மேல். தீ அணையவில்லை என்றால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

தாமதம் எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்தில் நிகழ்ந்த துயரமே சான்று. வானில் தீப்பற்றிய சவூதியா விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. எனினும், உடனடியாக நிறுத்தப்படாமல் ஓடுபாதையின் கடைசிவரை சென்றது. வெளியேற்றம் தொடங்கவே இல்லை. அதிலிருந்த 301 பேரும் உயிரிழந்தனர்.

அவசரம் வேறொரு விதத்திலும் ஆபத்தாகலாம். 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 767 விமானத்தின் வலது எஞ்சின் புறப்பாட்டு ஓட்டத்தில் வெடித்துச் சிதறியது. விமானிகள் விமானத்தை நிறுத்தினர். அதிலிருந்த 170 பேரும் உயிர் தப்பினர். ஆனால், வெளியேற்றம் தொடங்கியபோது இடது எஞ்சின் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. இடது இறக்கை வழியாக இறங்கிய ஒருவர் எஞ்சினின் காற்றுவீச்சில் தூக்கி எறியப்பட்டுப் படுகாயமடைந்தார். கேபின் பணியாளர்களால் விமானி அறையைத் தொடர்புகொள்ள இயலவில்லை. எஞ்சின் தீக்கான சரிபார்ப்புப் பட்டியல், தரையில் நிற்கும் நிலையையும் வானில் பறக்கும் நிலையையும் வேறுபடுத்தவில்லை என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது.

இந்த வேறுபாடு முக்கியமானது. வானில் எஞ்சின் தீப்பற்றினால், முதல் தீயணைப்புக் குடுவையைச் செலுத்திவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, தேவையெனில் இரண்டாவதைச் செலுத்துவர். தரையில் காத்திருக்க நேரமில்லை. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் தரையில் தீ ஏற்பட்டால் இரு குடுவைகளும் அடுத்தடுத்துச் செலுத்தப்படுகின்றன. வெளியேற்றத்துக்கு முன்பாக பார்க்கிங் பிரேக் இடப்பட்டதா, உள்ளே காற்றழுத்தம் எஞ்சியுள்ளதா, எல்லா எஞ்சின்களும் நிறுத்தப்பட்டனவா என்பவை சரிபார்க்கப்படும். காற்றழுத்தம் எஞ்சியிருந்தால் கதவுகளைத் திறக்க இயலாமல் போகலாம். பிரேக் இடப்படாவிட்டால் பயணிகள் இறங்கும்போது விமானம் நகரலாம். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு.

பட்டியலில் இல்லாதவை

எல்லாக் கோளாறுகளும் மணி ஒலித்து வருவதில்லை. 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிவுக்கு அப்பால் இருந்த வழிகாட்டு ஆண்டெனாக்களிலும் சுற்றுச்சுவரிலும் உரசியவாறு மேலெழும்பியது. 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்த அந்த விமானம் பின்னர் மும்பையில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. ஓட்டத்தின்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் திடீரெனப் பின்னோக்கிச் சரிந்ததும், உந்துவிசை தற்செயலாகக் குறைக்கப்பட்டதும், அதனை இரு விமானிகளும் கவனிக்கத் தவறியதும் விசாரணையில் தெரியவந்தன.

2016 டிசம்பர் 27 அன்று கோவாவில் ஜெட் ஏர்வேஸ் விமானம் புறப்பாட்டைத் தொடங்கியபோது, இரு எஞ்சின்களும் சமமாக நிலைபெறுவதற்கு முன்பே முழு உந்துவிசை கொடுக்கப்பட்டது. ஒருபுறம் விசை மிகுந்ததால் விமானம் சுழன்று ஓடுபாதையைவிட்டு விலகியது. சிலர் காயமடைந்தனர்.

இருக்கை சரிவதோ, எஞ்சின்கள் சமமின்றி வேகமெடுப்பதோ தீயைப்போல அச்சுறுத்துபவை அல்ல. ஆனாலும் விளைவுகள் கடுமையாக இருந்திருக்கக்கூடும். அளவீடுகளை இரு விமானிகளும் பார்த்து உரக்கச் சொல்லும் பழக்கமே இத்தகைய கோளாறுகளுக்கான முதல் அரண். தலைமை விமானி திடீரெனச் செயலிழந்ததைப்போல நடிக்க, துணை விமானி கட்டுப்பாட்டை ஏற்கும் ஒத்திகையும் சிமுலேட்டரில் நடத்தப்படுவதுண்டு.

சிமுலேட்டரின் எல்லை

எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், சிமுலேட்டருக்கும் எல்லை உண்டு. கோளாறு வரப்போகிறது என்பதை அறிந்தே விமானி அதில் அமர்கிறார். உண்மை விமானத்தில் ஏற்படும் திகைப்பு அங்கு முழுமையாக எழுவதில்லை. அலறும் பயணிகளோ எரியும் நாற்றமோ அங்கு இல்லை. இக்குறையை ஈடுசெய்ய, எதிர்பாராத தருணங்களில் கோளாறுகளைப் புகுத்தும் முறையும், உண்மை நிகழ்வுகளின் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி முறையும் இப்போது பின்பற்றப்படுகின்றன. கேபின் பணியாளர்களுக்குப் புகை நிரம்பிய மாதிரி அறைகளிலும் உண்மையான சறுக்குகளிலும் தனிப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வீட்டுக் கணினிகளில் சிமுலேட்டர் விளையாட்டுகளில் ஈடுபடும் ஆர்வலர்களும் இவற்றில் சிலவற்றை முயன்று பார்க்கலாம். எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள்களில் எஞ்சின், பிரேக், டயர் கோளாறுகளைக் குறிப்பிட்ட வேகத்திலோ எதிர்பாராத வேளையிலோ தோன்றச் செய்யும் வசதி உள்ளது. புறப்படுவதற்கு முன்பே வி-1 வேகத்தைக் கணக்கிட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதனை மீறாமல் முடிவெடுக்கப் பழகினால் விமானிகளின் சுமை ஓரளவு புரியும். அதிகாரப்பூர்வப் பயிற்சிக்கு அது ஒருபோதும் ஈடாகாது.

பயணிகள் அறிய வேண்டியவை

விமானம் திடீரென ஓடுபாதையில் நிறுத்தப்பட்டால், முதல் அறிவிப்பு வரும்வரை இருக்கைப் பட்டையை அவிழ்க்காமல் அமர்ந்திருக்க வேண்டும். அப்போது விமானி அறையில் சரிபார்ப்புப் பட்டியல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பணியாளர்களின் கட்டளையின்றிக் கதவுகளைத் திறந்தால், இயங்கும் எஞ்சினின் முன்போ பின்போ இறங்க நேரிடலாம். சன்னல் வழியாகத் தீயோ புகையோ தென்பட்டால், எந்தப் பக்கம் என்பதைப் பணியாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மஸ்கட்டில் நேர்ந்ததைப்போல, விமானி அறைக்குத் தெரியாதது வெளியே பார்ப்பவர்களுக்குத் தெரியக்கூடும்.

வெளியேறும் உத்தரவு வந்தபின் கைப்பைகளை எடுக்கவே கூடாது. அவசர வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, 90 நொடிகளில் அனைவரையும் வெளியேற்ற இயலும் என்பதைப் புதிய விமானங்கள் சோதனையில் நிரூபிக்க வேண்டும். பைகளுடன் நடக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைக் குலைக்கின்றனர். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம், ஓடுபாதையில் இருந்த கடலோரக் காவல்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. காவல்படை விமானத்தில் இருந்த ஐவர் உயிரிழந்தனர். பயணிகள் விமானத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கி இயங்கவில்லை. எட்டு வழிகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. இருப்பினும் 379 பேரும் உயிர் பிழைத்தனர். பணியாளர்கள் தாங்கள் பயின்றதைச் செய்தனர். பயணிகள் பைகளை விட்டுவிட்டு அவர்கள் சொன்னதைக் கேட்டனர்.